டகோட்டா எரிபொருளில் ஒரு ஜம்போ

1992 மார்ச் 24 அன்று ஐ.நா. பாதுகாப்பு அவை அங்கோலா குறித்து நிறைவேற்றிய தீர்மானத்தின் எண் 747. எண் தற்செயலாக வந்ததுதான். ஆனால் அந்தத் தீர்மானத்தை நம்பி அங்கோலாவின் தலைநகர் லுவாண்டாவில் வேலை பார்க்க வேண்டியிருந்த மார்கரெட் ஆன்ஸ்டி அதில் ஒரு கசப்பான பகடியைக் கண்டுபிடித்தார். போயிங் 747 ஜம்போவை ஓட்டச் சொல்லிவிட்டு, டி.சி.-3க்கு, அதாவது நம் ஊரில் டகோட்டா என்பார்களே அந்தப் பழைய விமானத்துக்கு, போதுமான எரிபொருளைத்தான் ஊற்றிக் கொடுத்திருக்கிறார்கள் என்றார். அப்போது அவருக்கு வயது 65. படைப்பிரிவு கொண்ட ஓர் ஐ.நா. அமைதிகாப்புப் பணிக்குத் தலைமை ஏற்ற முதல் பெண் அவர்.

பகடியில் மிகை இல்லை. 1989இல் நமீபியாவில் தேர்தல் நடத்தி விடுதலைக்கு வழிவிட்ட ஐ.நா. பணியில் உச்சத்தில் சுமார் 8,000 பேர் இருந்தார்கள். அங்கே பதிவான வாக்காளர்கள் ஏறக்குறைய 7 லட்சம். பக்கத்து நாடான அங்கோலாவில் வாக்காளர்கள் 48 லட்சம், நிலப்பரப்போ 12 லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் மேல். ஆன்ஸ்டிக்குக் கிடைத்தவர்கள் 350 ராணுவப் பார்வையாளர்கள், 126 போலீஸ் பார்வையாளர்கள், தேர்தல் நேரத்துக்கு 400 பார்வையாளர்கள். வாக்குச்சாவடிகள் கிட்டத்தட்ட ஆறாயிரம்.

ஆப்பிரிக்காவின் அமைதி முயற்சிகளில் பெண் தூதர்களின் பங்கைப் பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாக ஒரு கேள்வியைக் கேட்பார்கள்: பெண் தலைமை வகித்தால் அமைதி நிலைக்குமா? அந்தக் கேள்வியை ஆன்ஸ்டியின் முன் வைத்தால் பதில் எளிது, அங்கோலாவில் நிலைக்கவில்லை. எனக்கு அந்தக் கேள்வியில் நம்பிக்கை இல்லை. எந்த வேலை, எந்த அதிகாரத்தோடு, எத்தனை ஆட்களோடு அவர் கையில் தரப்பட்டது என்று கேட்டுப் பார்த்தால் கடந்த முப்பது ஆண்டுக் கதை வேறு மாதிரி தெரிகிறது. ஆன்ஸ்டியை நடுவில் வைத்து அந்தக் கதையைப் பார்க்கலாம்.

இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் மாவட்டத்தில் ரிட்டில் என்ற கிராமத்தில் 1926இல் பிறந்தவர் ஆன்ஸ்டி. அப்பா அச்சகத்தில் அச்சுக் கோப்பவர். கேம்பிரிட்ஜின் நியூனம் கல்லூரியில் பிரெஞ்சும் ஸ்பானிஷும் படித்து முதல் வகுப்பில் தேறி, 1948இல் பிரிட்டிஷ் வெளியுறவுத் துறையில் சேர்ந்தார். பெண்களுக்கு அந்தக் கதவு திறந்தே இரண்டு ஆண்டுதான் ஆகியிருந்தது. அங்கே அவருக்கு மேலதிகாரியாக வாய்த்தவர் டொனால்ட் மக்ளீன். 1951இல் மாஸ்கோவுக்கு ஓடிப்போன அதே சோவியத் உளவாளிதான். உடன் வேலை செய்தவரைத் திருமணம் செய்துகொண்டதும் ஆன்ஸ்டி வேலையை விட வேண்டியதாயிற்று. மணமான பெண் வெளியுறவு அதிகாரியாக இருக்கக் கூடாது என்பது விதி. 1970களின் தொடக்கம் வரை பிரிட்டனில் அந்த விதி உயிரோடு இருந்தது.

இந்தியாவும் இதில் சளைத்ததல்ல. இந்திய வெளியுறவுப் பணியில் நுழைந்த முதல் பெண் சி.பி. முத்தம்மா, குடகில் பிறந்து சென்னையில் படித்தவர். 1949இல் பணியில் சேர்ந்த அவர் பின்னால் ஆப்பிரிக்காவில் கானா நாட்டுக்கும் தூதராகப் போனார். பெண் அதிகாரி திருமணத்துக்கு முன் அரசிடம் எழுத்துமூலம் அனுமதி வாங்க வேண்டும், குடும்பப் பொறுப்பு வேலைக்கு இடைஞ்சல் என்று அரசு கருதினால் அவரை ராஜினாமா செய்யச் சொல்லலாம் என்ற விதியை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனார். 1979இல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பு அந்த விதிகளைச் சாடிய விதம் இன்றைக்கும் படிக்கத் தகுந்தது. முத்தம்மா வழக்குப் போட்டார். ஆன்ஸ்டிக்கு அந்த வழி இருக்கவில்லை. கணவரோடு மணிலா போனார், மணவாழ்க்கை முறிந்தது, ஊர் திரும்பக் கப்பல் கட்டணம் சேர்க்க வேண்டியிருந்தது. 1952இல் அங்கிருந்த ஐ.நா. அலுவலகத்தில் உள்ளூர் ஊழியராகச் சேர்ந்தார். அந்தத் தற்காலிக வேலை 41 ஆண்டு நீடித்தது.

அதன் பிறகு உருகுவே, பொலிவியா, எத்தியோப்பியா, மொராக்கோ, 1973 ராணுவப் புரட்சி நடந்த நேரத்துச் சிலி என்று ஊர் ஊராக ஐ.நா.வின் வளர்ச்சிப் பணி. பெரும்பாலும் போன இடத்தில் எல்லாம் அந்தப் பதவிக்கு அவர்தான் முதல் பெண். 1987இல் துணைப் பொதுச் செயலாளர் நிலைக்கு உயர்ந்து, வியன்னா அலுவலகத்தின் தலைவரானார். தன் வாழ்க்கை வரலாற்றுக்கு அவர் வைத்த தலைப்பைத் தமிழில் ‘டைப்படிக்கக் கற்றுக்கொள்ளவே கூடாது’ என்று சொல்லலாம். டைப்படிக்கத் தெரியும் என்று தெரிந்துவிட்டால் பெண்ணை ஆயுள் முழுக்க டைப்ரைட்டர் முன்னாலேயே உட்கார வைத்துவிடுவார்கள் என்பது அதன் உட்பொருள்.

இப்போது அங்கோலா. 1975 நவம்பர் 11 அன்று போர்த்துகீசியர்கள் கொடியை இறக்கிவிட்டுக் கப்பலேறியபோது அங்கே ஏற்கெனவே சண்டை நடந்துகொண்டிருந்தது. தலைநகரைப் பிடித்த எம்.பி.எல்.ஏ.வுக்கு சோவியத் ஆயுதமும் கியூபப் படையும். ஜோனாஸ் சவிம்பியின் யூனிட்டாவுக்கு அமெரிக்கப் பணமும் நிறவெறித் தென்னாப்பிரிக்காவின் ராணுவமும். அரசிடம் எண்ணெய், யூனிட்டாவிடம் வைரம். பனிப்போர் ஓய்ந்ததும் இருவரையும் ஆட்டுவித்தவர்களுக்கு இந்தச் சண்டையில் சுவாரஸ்யம் போய்விட்டது. 1991 மே மாதம் போர்ச்சுகலில் பிசெஸ் உடன்படிக்கை கையெழுத்தானது. போர்ச்சுகல், அமெரிக்கா, சோவியத் யூனியன் ஆகிய மூன்றும் மேற்பார்வையாளர்கள்.

அந்த உடன்படிக்கையைக் கொஞ்சம் நின்று படிக்க வேண்டும், ஏனென்றால் பின்னால் நடந்த அத்தனைக்கும் விதை அதில் இருக்கிறது. இரண்டு படைகளும் முகாம்களில் கூடி ஆயுதத்தை ஒப்படைக்க வேண்டும். இரண்டிலிருந்தும் ஆள் எடுத்து 50,000 பேர் கொண்ட புதிய தேசியப் படை அமைக்க வேண்டும். அதற்குப் பிறகு தேர்தல். இதையெல்லாம் செய்து முடிக்கச் சுமார் 16 மாத அவகாசம். இவற்றை நடத்துவது யார்? சண்டை போட்ட அதே இரு தரப்பும் சேர்ந்து அமைத்த கூட்டுக் குழு. ஐ.நா.வின் வேலை அவர்கள் சரியாகச் சரிபார்க்கிறார்களா என்று சரிபார்ப்பது. வரப்புத் தகராறில் இருக்கும் இரண்டு பங்காளிகளையே நிலத்தை அளந்துகொள்ளச் சொல்லிவிட்டு, அளவு கோலைத் தொடக் கூடாது என்ற நிபந்தனையோடு கிராம நிர்வாக அலுவலரைப் பக்கத்தில் நிற்க வைத்தது போல. ஐ.நா. பெரிதாக இறங்குவதில் அரசுக்கும் விருப்பமில்லை, செலவைக் குறைக்க நினைத்த வல்லரசுகளுக்கும் விருப்பமில்லை.

முகாம்களில் உணவு பற்றவில்லை, கூடாரங்கள் பற்றவில்லை. அரசுப் படையினர் பொறுத்துப் பார்த்துவிட்டுத் தாங்களாகவே வீட்டுக்கு நடையைக் கட்டினார்கள். யூனிட்டாவின் ஆட்கள் கட்டுக்குலையாமல் முகாமிலேயே இருந்தார்கள். அரசு தன் பங்குக்குச் சிறப்பு ஆயுதப் போலீசை வளர்த்துக்கொண்டிருந்தது. ஊரில் அவர்களை ‘நிஞ்சா’ என்றார்கள். ஆக, ஒருவர் படையைக் கலைக்கவில்லை, மற்றவர் படைக்குச் சீருடையை மாற்றிவிட்டார். தேர்தலுக்கு இரண்டு நாள் முன்பு, செப்டம்பர் 27 அன்று, இரு படைகளும் கலைக்கப்பட்டுவிட்டதாக விழா நடத்தி அறிவித்தார்கள். புதிய தேசியப் படையில் அப்போது சேர்ந்திருந்தவர்கள் திட்டமிட்டதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை.

செப்டம்பர் 29, 30 இரண்டு நாளும் மக்கள் வரிசையில் நின்றார்கள். பாலங்கள் உடைந்த, கண்ணிவெடி புதைந்த சாலைகளால் போக முடியாத இடங்களுக்கு ஐ.நா.வின் ஹெலிகாப்டர்கள் வாக்குப்பெட்டியைச் சுமந்துகொண்டு போயின. பதிவான வாக்கு 91 சதவீதத்துக்கும் மேல். தீர்மானத்தில் ஒதுக்காத பணத்தை நன்கொடை நாடுகளிடம் கேட்டு வாங்கி இந்த ஆகாயவழி ஏற்பாட்டைச் செய்து முடித்தது ஆன்ஸ்டியின் சாதனை. அவருடைய நாற்பது ஆண்டு வளர்ச்சிப் பணி அனுபவம் முழுசாகக் கைகொடுத்த இடம் இது என்று நினைக்கிறேன்.

எண்ணிக்கை முடியும் முன்பே, அக்டோபர் 3 அன்று, சவிம்பி மோசடி என்று வானொலியில் முழங்கினார். அவருடைய தளபதிகள் புதிய படையிலிருந்து விலகினார்கள். புகார்களை விசாரித்தார்கள், தில்லுமுல்லுகள் இருந்தன, முடிவையே புரட்டும் அளவுக்கு இல்லை. ஐ.நா. தானாக எடுத்திருந்த மாதிரி எண்ணிக்கையும் அதிகாரபூர்வ முடிவோடு ஒத்துப்போனது. அக்டோபர் 17: ஜனாதிபதித் தேர்தலில், பதவியில் இருந்த எம்.பி.எல்.ஏ.வின் டோஸ் சாண்டோஸ் 49.57 சதவீதம், சவிம்பி 40.07 சதவீதம். பாதியைத் தாண்டவில்லை என்பதால் சட்டப்படி இரண்டாம் சுற்று நடக்க வேண்டும். நாடாளுமன்றத்தில் எம்.பி.எல்.ஏ.வுக்குத் தெளிவான பெரும்பான்மை. அன்றே ஆன்ஸ்டி, தேர்தல் பொதுவாகச் சுதந்திரமாகவும் நியாயமாகவும் நடந்தது என்று அறிவித்தார்.

அந்த அறிவிப்பு அவர் தலையில் விடிந்தது. அக்டோபர் 30 முதல் மூன்று நாள் லுவாண்டா தெருக்களில் சண்டை. பேச்சுவார்த்தைக்காகத் தலைநகரில் இருந்த யூனிட்டாவின் துணைத் தலைவர் ஜெரெமியாஸ் சிட்டுண்டா தப்பி ஓடும்போது கொல்லப்பட்டார். அரசு ஆயுதம் கொடுத்த பொதுமக்களே வீடு வீடாகப் போய் யூனிட்டா ஆதரவாளர்களை வேட்டையாடினார்கள். மறுபக்கம் யூனிட்டாவின் வானொலி ஆன்ஸ்டியைத் திட்டித் தீர்த்தது. அந்த வசைகளில் அரசியல் பாதி, பெண் என்பதற்காக மட்டுமே எறியப்பட்ட சேறு மீதி. உயிருக்கு மிரட்டலும் வந்தது. நடுவராகப் போகும் ஆணையும் திட்டத்தான் செய்வார்கள், ஆனால் அவன் ஒழுக்கத்தை யாரும் இழுப்பதில்லை.

அறிவிப்பு தவறா? இதில் அவரைக் குறை சொல்கிறவர்கள் உண்டு. படைகள் கலையாமல் தேர்தலுக்குப் போகக் கூடாது என்று அவர் கதவை அடைத்திருக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். தேர்தலைத் தள்ளிவைக்கும் அதிகாரம் அவரிடம் இல்லை என்பது ஒருபுறம். தள்ளிவைக்க இரு தரப்பில் யாருமே கேட்கவில்லை என்பது மறுபுறம். இருவருமே தாங்கள்தான் ஜெயிப்போம் என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். என் கணக்கில் அவருடைய பிழை வேறு. ஆபத்தை நியூயார்க்குக்கு எழுதிக்கொண்டிருந்த அளவுக்கு அதை உலகின் காதில் விழும்படி வெளியே சொல்லவில்லை. அது ஐ.நா. அதிகாரியின் பழக்கம். பின்னாளில் ‘பனிப்போரின் அநாதை’ என்ற பொருளில் தலைப்பிட்டு அவர் எழுதிய அங்கோலா நூலில் இருக்கும் கோபம் 1992 கோடையில் செய்தியாளர் கூட்டங்களில் வெளிப்பட்டிருந்தால் கொஞ்சமாவது பயன் இருந்திருக்கலாம்.

பிறகு எட்டு மாதம் அவர் இடம் இடமாக ஓடினார். நவம்பரில் நமீபே நகரில் இருதரப்பும் சந்தித்துச் சம்மதித்தன. சில நாளில் யூனிட்டா உயிஜே நகரைப் பிடித்தது. ஜனவரியில் அடிஸ் அபாபா. அடுத்த சுற்றுக்கு யூனிட்டா வரவேயில்லை. மார்ச் மாதம், 55 நாள் முற்றுகைக்குப் பிறகு, நாட்டின் இரண்டாம் பெரிய நகரமான ஹுவாம்போ விழுந்தது.

ஏப்ரல் 12 முதல் மே 21 வரை ஐவரி கோஸ்ட்டின் அபிஜானில் நடந்த பேச்சுதான் கடைசி வாய்ப்பு. 38 அம்சங்கள் கொண்ட வரைவு. பெரும்பாலானவற்றில் உடன்பாடு வந்துவிட்டது. சிக்கியது ஓர் இடத்தில்: பிடித்த ஊர்களைவிட்டு யூனிட்டா வெளியேறினால் அவர்கள் ஆட்களை அங்கே யார் காப்பாற்றுவது? லுவாண்டாவில் நடந்ததைப் பார்த்தவர்களின் கேள்வி என்பதால் அதைச் சாக்கு என்று முழுசாக ஒதுக்க முடியாது. நீலத் தொப்பி அணிந்த ஐ.நா. வீரர்கள் உடனே வருவார்கள் என்று சொல்ல முடிந்திருந்தால் பேரம் படிந்திருக்கலாம். அடையாளத்துக்காவது ஒரு சிறிய படையை அனுப்புங்கள் என்று ஆன்ஸ்டி கேட்டார். பல மாதங்களுக்குச் சாத்தியமில்லை என்று பதில் வந்தது. அதே நேரம் கம்போடியாவில் 20,000க்கும் மேற்பட்ட ஐ.நா. ஆட்கள், சோமாலியாவுக்கு 28,000 பேருக்கு அனுமதி. 1993 ஜூன் இறுதியில் ஆன்ஸ்டி விடைபெற்றபோது அங்கோலாவில் நாளொன்றுக்கு ஆயிரம் பேர் வரை செத்துக்கொண்டிருந்ததாக ஐ.நா.வே கணக்குச் சொன்னது.

இனி மொசாம்பிக். அதே போர்த்துகீசியக் காலனி, அதே 1975இல் விடுதலை, அதே போல நீண்ட உள்நாட்டுப் போர். ரோமில் அமைதி ஒப்பந்தம் கையெழுத்தானது 1992 அக்டோபர் 4, அதாவது அங்கோலா வாக்களித்த நான்காம் நாள். ஐ.நா. சார்பில் போனவர் இத்தாலியின் ஆல்டோ அயெல்லோ. அங்கோலா எரிந்ததைப் பார்த்துப் பயந்திருந்த பாதுகாப்பு அவை அவர் கேட்டதைக் கொடுத்தது. சுமார் 6,500 வீரர்கள். படை கலைந்த பிறகுதான் தேர்தல் என்று வாக்கெடுப்பை ஓராண்டு தள்ளிவைக்கும் துணிச்சல். கிளர்ச்சி இயக்கமான ரெனாமோவை அரசியல் கட்சியாக மாற்ற, தனி நிதியாக ஒன்றரைக் கோடி டாலருக்கும் மேல். ‘அங்கோலா மாதிரி ஆக வேண்டுமா?’ என்பதே அயெல்லோ நன்கொடையாளர்களிடம் வீசிய துருப்புச் சீட்டு. 1994 அக்டோபரில் தேர்தல் அமைதியாக முடிந்தது. அயெல்லோ கெட்டிக்காரர்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் அமைதிகாப்பு வரலாற்றில் அவர் பெயருக்கு எதிரே வெற்றி என்றும் ஆன்ஸ்டி பெயருக்கு எதிரே தோல்வி என்றும் எழுதி வைத்திருப்பவர்கள், முதலாமவரின் பாடப்புத்தகத்துக்குக் கட்டணம் கட்டியது யார் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.

கையில் ஒன்றும் தராமல் பெண்ணை அனுப்பும் வழக்கம் ஐ.நா.வுக்கு மட்டும் உரியதல்ல. உகாண்டாவின் பெட்டி பிகோம்பேயைப் பாருங்கள். வடக்கு உகாண்டாவுக்குப் பொறுப்பான அமைச்சராக குலு நகரில் தங்கியிருந்தவர், ஜோசப் கோனியின் கிளர்ச்சிப் படையோடு தானே தொடர்பு ஏற்படுத்திக்கொண்டு, 1994 ஜனவரியில் காட்டுக்குள் போய்க் கோனியை நேருக்கு நேர் சந்தித்தார். குழந்தைகளைக் கடத்திச் சிப்பாயாக்கும் ஒருவனோடு என்ன பேச்சு என்று கேட்டவர்களுக்கும், அரசு அனுப்பிய பெண்ணை நம்ப மறுத்த கிளர்ச்சியாளர்களுக்கும் நடுவே அவர் கட்டிய நம்பிக்கை அது. பிப்ரவரி 6 அன்று ஜனாதிபதி முசெவெனி, ஏழு நாளில் சரணடையாவிட்டால் ராணுவம் வரும் என்று மேடையில் அறிவித்தார். பேச்சு அதோடு முடிந்தது. பத்தாண்டு கழித்து, மறுபடி படுகொலைச் செய்தி வந்தபோது, உலக வங்கி வேலையை விட்டுவிட்டு அதே பிகோம்பே மீண்டும் தனியாளாகக் கிளம்பினார்.

லைபீரியாவில் கதவு வேறு விதமாகத் திறந்தது. அங்கே நடந்த உள்நாட்டுப் போரை நிறுத்த 2003 கோடையில் கானாவின் அக்ராவில் நடந்த பேச்சுவார்த்தை வாரக்கணக்கில் இழுத்தது. தளபதிகள் நல்ல ஓட்டல் அறையில் சொகுசாக இருந்தார்கள், லைபீரியத் தலைநகர் மன்ரோவியாவில் குண்டு விழுந்துகொண்டிருந்தது. லெய்மா குபோவியின் தலைமையில் வெள்ளை உடுத்திய பெண்கள் மண்டப வாசலில் கைகோத்து உட்கார்ந்துகொண்டார்கள்: உடன்பாடு இல்லாமல் யாரும் வெளியே வரக் கூடாது. கைது செய்யக் காவலர்கள் வந்தபோது குபோவி தன் உடைகளைக் களையத் தொடங்கினார். தாயான ஒருத்தி தானாகத் துணி அவிழ்ப்பது பார்க்கிறவனுக்குச் சாபம் என்பது அந்த மண்ணின் நம்பிக்கை. நடுவராக இருந்த நைஜீரிய முன்னாள் அதிபர் அப்துல்சலாமி அபுபக்கர் வெளியே வந்து சமாதானம் பேசினார், பெண்களின் பக்கமும் பேசினார். ஆகஸ்ட் 18 அன்று ஒப்பந்தம் கையெழுத்தானது. மேசையில் அவர்களுக்கு நாற்காலி கிடையாது, வாசற்படிதான் இருந்தது.

அந்த ஒப்பந்தத்தைத் தொடர்ந்து லைபீரியாவுக்கு 15,000 ஐ.நா. வீரர்கள் வரை அனுப்பப்பட்டார்கள். 2007இல் இந்தியாவின் மத்திய ரிசர்வ் போலீசிலிருந்து முழுக்கப் பெண்களே கொண்ட ஒரு பிரிவும் போனது, ஐ.நா. வரலாற்றில் முதல் முறையாக. 2008 முதல் 2012 வரை அந்தப் பணிக்குத் தலைமை வகித்தவர் டென்மார்க்கின் எலன் மார்கரேத்தே லோய். அவருக்குப் பின் சுவீடனின் காரின் லாண்ட்கிரென். இருவர் பெயரும் பெரிதாக யாருக்கும் நினைவில் இல்லை. போர் திரும்பி வராத நாட்டின் தூதருக்குக் கிடைக்கும் பரிசு அதுதான். ஆன்ஸ்டிக்கு மறுக்கப்பட்டது எதுவோ அது லோய்க்கு முதல் நாளிலிருந்தே இருந்தது.

லிபியாவில் 2020இல் ஐ.நா.வின் தலைமைத் தூதர் விலகியபோது அமெரிக்கரான ஸ்டெஃபனி வில்லியம்ஸ் பொறுப்பேற்றார். பொறுப்பு என்றால் நம் அரசு அலுவலகங்களில் பெயர்ப்பலகையில் அடைப்புக்குறிக்குள் போடுவார்களே, அதே பொறுப்பு. நிரந்தரமாக யாரைப் போடுவது என்று பாதுகாப்பு அவை இழுபறியில் இருந்த மாதங்களில்தான் அவர் அக்டோபர் 23 அன்று ஜெனீவாவில் போர்நிறுத்தத்தில் கையெழுத்து வாங்கினார்.

1992 முதல் 2011 வரை நடந்த 31 முக்கியப் பேச்சுவார்த்தைகளை ஐ.நா.வின் பெண்கள் அமைப்பு எண்ணிப் பார்த்தது. தலைமை நடுவர்களில் பெண்கள் 2.4 சதவீதம், பேச வந்தவர்களில் 9 சதவீதம். ஆப்பிரிக்கப் பெரும் ஏரிகள் பகுதிக்கு மேரி ராபின்சன் தூதராக நியமிக்கப்பட்டதே 2013இல்தான். இத்தனைக்கும் பெண்களைப் பேச்சு மேசைக்குக் கொண்டுவர வேண்டும் என்ற 1325ஆம் தீர்மானம் 2000 அக்டோபர் 31இலேயே நிறைவேறியிருந்தது. அதற்கு அடித்தளமான பிரகடனம் தயாரானது நமீபியத் தலைநகர் விண்ட்ஹூக்கில். தீர்மானம் வந்த மாதம் பாதுகாப்பு அவைக்குத் தலைமை வகித்ததும் நமீபியாதான். 8,000 ஆட்களோடு ஐ.நா. வந்து சுதந்திரம் பெற்றுத் தந்த நாட்டுக்கு இதில் அக்கறை இருந்ததில் வியப்பில்லை.

என் வாதத்துக்கு எதிரான சான்றையும் வைத்துவிட வேண்டும். அது அங்கோலாவிலேயே இருக்கிறது. ஆன்ஸ்டிக்குப் பின் வந்த மாலி நாட்டின் அலியூன் பிளாண்டின் பேய், 1994 நவம்பரில் லுசாகா ஒப்பந்தத்தை முடித்தார். அடுத்த ஆண்டு சுமார் 7,000 ஐ.நா. வீரர்கள் இறங்கினார்கள், இந்தியப் படைப்பிரிவு உட்பட. ஆன்ஸ்டி கெஞ்சியும் கிடைக்காததைவிடப் பல மடங்கு அதிகம். அப்படியும் சவிம்பி வைரத்தை விற்று ஆயுதம் வாங்கினார், அரசு எண்ணெயை விற்று வாங்கியது. ஒப்பந்தத்தைக் காப்பாற்ற நாடு நாடாக அலைந்த பேய், 1998 ஜூனில் அபிஜான் அருகே விமான விபத்தில் இறந்தார். அந்த ஆண்டு முடிவதற்குள் போர் மறுபடி மூண்டது. ஆக, ஆட்கள் இருந்தால் மட்டும் போதாது. 1992இல் கைநழுவியதை 1995இல் பெரிய படையோடு வந்தும் பிடிக்க முடியவில்லை.

2002 பிப்ரவரி 22 அன்று சவிம்பி மொஷிக்கோ மாகாணத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆறு வாரத்தில் இரு தரப்புத் தளபதிகளும் போர்நிறுத்தத்தில் கையெழுத்திட்டார்கள். ஆன்ஸ்டி அதற்குள் பொலிவியாவில் டிட்டிகாகா ஏரிக்கரையில் கட்டிய வீட்டில் குடியிருந்து பழகிவிட்டார்; 2016இல் 90 வயதில் காலமானார். அங்கோலாவில் அடுத்த நாடாளுமன்றத் தேர்தல் 2008இல் நடந்தது. 2010இல் வந்த புதிய அரசியல் சட்டம் ஜனாதிபதிக்கென்று தனியாக நடத்தும் தேர்தலையே எடுத்துவிட்டது. டோஸ் சாண்டோஸ் 2017 வரை பதவியில் இருந்தார். 49.57 சதவீதத்தில் நின்றுபோன 1992 தேர்தலின் இரண்டாம் சுற்று வாக்குப்பதிவு நடக்கவேயில்லை.